‘ரன்’ என்ற சொல்லுக்கு 645 பொருள்: எண்ணியது யார், எப்படி?

அமெரிக்கத் தேர்தல் செய்தி ஒன்றை அவசரமாகத் தமிழாக்க வேண்டியிருந்தது. முதல் வரைவைக் கணினியிடம் விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் முதல் வரியே இப்படி: “அவர் அதிபர் பதவிக்காக ஓடுகிறார்.” கோட்டு சூட்டோடு ஒரு பெரியவர் வெள்ளை மாளிகையைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடும் காட்சி கண்முன் வந்து போனது.

பழியை முழுக்கக் கணினி தலையில் போட முடியாது. அமெரிக்க ஆங்கிலத்தில் வேட்பாளர் ‘ரன்’ பண்ணுவார். அவரே லண்டனில் பிறந்திருந்தால் ‘ஸ்டாண்ட்’ பண்ணியிருப்பார். நம் ஊரிலும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார்கள். இந்த ‘நிற்பது’ வெள்ளைக்காரர் காலத்து வழக்கைப் பார்த்து வந்ததாக இருக்கும் என்பது என் ஊகம். மொழி ஒன்று, வேலையும் ஒன்று. அட்லாண்டிக்கின் ஒரு கரையில் ஓடுகிறார்கள், மறு கரையில் நிற்கிறார்கள். அப்படியானால் ‘ரன்’ என்ற சொல்லுக்கு ‘வேட்பாளராக இருத்தல்’ என்பது தனிப் பொருளா, இல்லை ‘ஓடு’ என்பதன் நீட்சியா? அகராதி செய்கிறவர்கள் இந்தக் கேள்வியோடுதான் காலம் தள்ளுகிறார்கள்.

அவர்களில் ஒருவர் பீட்டர் கில்லிவர். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவர். ‘ரன்’ என்ற ஒற்றை வினைச்சொல்லைத் திருத்தி எழுத அவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 2011இல் வேலை முடிந்தபோது கணக்கு 645 பொருள் என்று நின்றது. உடனே செய்தித்தாள்கள் ‘ரன்’னுக்கு மாலை போட்டன: ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் கொண்ட சொல் இதுதான்.

அதுவரை அந்தப் பட்டம் ‘செட்’டிடம் இருந்தது. 1989இல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற வினையை விளக்க மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்கள் செலவாயின. ஒரு குட்டி நாவல் அளவு. அதற்கு எத்தனை பொருள் என்று கேட்டால் இரண்டு விடை சொல்வார்கள். தனித்து நிற்கும் வினைக்கு 430. ‘செட் அப்’, ‘செட் அவுட்’, ‘செட் இன்’ போன்ற கூட்டுகளையும் மரபுத்தொடர்களையும் சேர்த்தால் 580. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதிலேயே 150 பொருள் ஏறி இறங்குகிறது.

பட்டம் கைமாறிய விதமும் கவனிக்க வேண்டியது. மூன்றாம் பதிப்புக்கான திருத்தத்தை ஆசிரியர் குழு ‘எம்’ என்ற எழுத்திலிருந்து தொடங்கியது. அதனால் 2000இல் மிக நீளமான பதிவு ‘மேக்’ ஆனது. 2007இல் ‘பி’க்கு வந்தார்கள், ‘புட்’ முந்தியது. 2011இல் ‘ஆர்’, இப்போது ‘ரன்’. இந்தப் பதினோரு ஆண்டில் ஆங்கிலேயர் திடீரென்று கூடுதலாக ஓடவில்லை. ஆசிரியர்களின் கை அகரவரிசையில் எந்த எழுத்தை எட்டியது என்பதுதான் வாகைசூடியைத் தீர்மானித்தது.

இன்னொரு தராசில் நிறுத்தால் முடிவு வேறாகிவிடும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1985இல் தொடங்கிய ‘வேர்ட்நெட்’ என்ற சொல்தொகுப்பில் ‘ரன்’ என்ற வினைக்கு 41 பொருள்தான். அங்கே முன்னால் நிற்பது 59 பொருளோடு ‘பிரேக்’. 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் ‘டேக்’ என்ற சொல்லுக்கு 134 பொருள் தந்தார். ஆக, ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்பது ஓர் ஊரில் எத்தனை கிணறு என்பதுபோல் போய்ப் பார்த்து எண்ணிவிட்டு வரக்கூடிய சங்கதி இல்லை.

ஜான்சனுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. முன்னுரையிலேயே ஒரு பட்டியல் போட்டு, தன்னைத் திணறடித்த சொற்கள் இவை என்று ஒப்புக்கொள்கிறார்: பிரேக், கம், கெட், கிவ், புட், செட், கோ, ரன், மேக், டேக், டர்ன், த்ரோ… எல்லாம் குழந்தைகள் முதலில் கற்கும் சொற்கள். புயலில் ஆடும் தோப்பை, தண்ணீரில் விழும் அதன் நிழலைப் பார்த்துத் துல்லியமாக வரைய முடியுமா, அதுபோலத்தான் இவற்றை அகராதியில் பிடித்து வைப்பதும் என்கிறார். இருநூற்றெழுபது ஆண்டு ஆகிறது. இதைவிடச் சரியாக வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

நான்கு ஒழுக்கு

645 எப்படி வருகிறது என்று பார்க்க, அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஆறு ‘ரன்’ பண்ணும். சளி பிடித்தால் மூக்கு ‘ரன்’ பண்ணும். குழாய் ‘ரன்’ பண்ணும். துவைக்கும்போது சட்டைச் சாயமும் ‘ரன்’ பண்ணும்.

ஆங்கிலேயரைக் கேட்டால், இதிலென்ன நாலு பொருள், எல்லாம் திரவம் நகர்வதுதானே என்று ஒரே பொருளாக முடித்துவிடலாம். தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆறு ஓடுகிறது. மூக்கு ஒழுகுகிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. சாயம் போகிறது. நாலும் நாலு வினை. ‘என் மூக்கு ஓடுகிறது’ என்றால் கைக்குட்டைக்குப் பதில் ஆளை அனுப்பிப் பிடித்துவரச் சொல்வார்கள்.

அகராதித் தொழிலில் இரண்டு சாதி உண்டு என்பார்கள்: சேர்ப்பவர்கள், பிரிப்பவர்கள். சேர்ப்பவர் இந்த நாலையும் ‘திரவம் நகர்தல்’ என்று ஒரே எண்ணின் கீழ் அடுக்குவார். பிரிப்பவருக்கு நாலு எண் வேண்டும். சாயம் போனது துணிக்குக் கேடு, ஆறு ஓடுவது யாருக்கும் கேடில்லை, இரண்டும் எப்படி ஒன்று என்பார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பிரிப்பவர் பக்கம். சட்டைப் பைக்குள் அடங்கும் அகராதிகள் இடம் போதாமல் சேர்ப்பவர் பக்கம். இரண்டும் தவறில்லை.

‘ஆறு ரன் பண்ணுகிறது’ என்பதை ஓட்டத்தின் உருவகம் என்று நினைத்துவிடக் கூடாது. இச்சொல்லின் பழைய ஜெர்மானிய வேரிலேயே ஓடுதலும் வழிந்தோடுதலும் சேர்ந்து கிடந்தன. இன்றைய ஜெர்மன் மொழியில் அந்தக் குடும்பம் பாகம் பிரிந்துவிட்டது: ‘ரென்னென்’ என்றால் மனிதர் ஓடுவது, ‘ரின்னென்’ என்றால் நீர் வடிவது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வீட்டில் கூட்டுக்குடித்தனம். தமிழ் ‘ஓடு’வும் அப்படித்தான், ஆளும் ஓடலாம், ஆறும் ஓடலாம். கூரை ‘ஓடு’ வேறு சொல் என்று நமக்குத் தெரியும். ஆங்கில அகராதிக்காரரிடம் கொடுத்தால் அதற்கும் ஒரு தொடர்பு தேடிக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிவார்.

ஓடும், ஓட்டும்

‘ரன்’ இவ்வளவு பெருத்ததற்கு இலக்கணத்தில் ஒரு காரணம் இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

தானாக நடப்பதையும் பிறரை நடக்க வைப்பதையும் தமிழ் வினையிலேயே பிரித்துக் காட்டுகிறது. ஓடு – ஓட்டு. நட – நடத்து. நில் – நிறுத்து. இரு – இருத்து. பஸ் ஓடுகிறது, டிரைவர் ஓட்டுகிறார். கடை நடக்கிறது, செட்டியார் நடத்துகிறார். ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இந்த வசதி இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு ஒரு வடிவம், ஓடச்செய்வதற்கு அதை ஒட்டிய இன்னொரு வடிவம் என்று தனித்தனியாக இருந்தன. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. அதன்பின் குதிரை ஓடினாலும் ‘ரன்’, குதிரையை ஓட்டினாலும் ‘ரன்’. கப்பலை ஓட்டலாம், இயந்திரத்தை ஓட்டலாம், அந்த வழியில் தொழிற்சாலையை ‘ரன்’ பண்ணலாம், குடும்பத்தை ‘ரன்’ பண்ணலாம், நாட்டையே ‘ரன்’ பண்ணலாம். தமிழில் ‘நடத்து’ என்ற சொல் சுமக்கும் பாரம் முழுவதும் இங்கே ‘ஓடு’வின் முதுகில் ஏறிவிட்டது.

அந்தப் பழைய வசதியின் எச்சம் ‘செட்’டில் இன்னும் தெரிகிறது. ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்பது அதன் பிறவினை, உட்காரவை. நம் ‘இரு’வுக்கு ‘இருத்து’ எப்படியோ அப்படி. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் மரத்தை விழச்செய். ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. இந்த ஜோடிகள் பழைய வீட்டின் தூண்கள்போல ஆங்காங்கே நிற்கின்றன. புது ஜோடி கட்டும் வித்தை மட்டும் போய்விட்டது. ‘செட்’டின் நூற்றுக்கணக்கான பொருள்களில் பெரும்பகுதி ‘ஒன்றை ஓரிடத்தில் இருத்து’ என்பதிலிருந்து கிளைத்தவைதான். மேசையைச் ‘செட்’ பண்ணுவது, கடிகாரத்தைச் ‘செட்’ பண்ணுவது, முறிந்த எலும்பைச் ‘செட்’ பண்ணுவது, நகையில் கல்லைச் ‘செட்’ பண்ணுவது. நகையாசாரி இதைக் கல் பதிப்பது என்பார், எலும்பு வைத்தியர் கட்டுப்போடுவது என்பார்.

ஆனால் ‘டீ செட்’, ‘நகை செட்’ என்று நாம் சொல்லும் ‘செட்’ முற்றிலும் இந்தக் கிளை இல்லை. ஒரு கூட்டம், ஒரு தொகுப்பு என்ற அந்தப் பொருளில் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றின் ரத்தமும் கலந்திருக்கிறது. அதன் மூலம், பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறிக்கும் ‘செக்டா’ என்ற லத்தீன் சொல். வேறு வேறு ஊரிலிருந்து வந்த இருவர் ஒரே பெயரோடு ஒரே திண்ணையில் படுத்து, நாளடைவில் அண்ணன் தம்பியாகிவிட்ட கதை.

இதற்கு நேர் எதிர் கதை ‘பேங்க்’. ஆற்றங்கரைக்கும் பணம் போடும் இடத்துக்கும் ஒரே சொல். மொழியியல் வகுப்பில் ‘இவை இரண்டு தனிச் சொற்கள், ஒலி மட்டும் ஒன்று’ என்பதற்கு முதல் எடுத்துக்காட்டே இதுதான். பணப் ‘பேங்க்’ இத்தாலிய மொழியின் ‘பாங்கா’விலிருந்து வந்தது. வட்டிக்கடைக்காரர் உட்கார்ந்த பலகை அது. அந்த இத்தாலியச் சொல்லை இத்தாலியர் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்று தோண்டினால் ஜெர்மானிய மொழிகளில் போய் முட்டுகிறது. ஆற்றங்கரையைக் குறிக்கும் சொல்லும் அதே வேர். சம்பந்தமே இல்லை என்று வகுப்பில் சொன்ன இருவரும் தூரத்துப் பங்காளிகள்.

ஓடாமலே ஓட்டம்

ஒரு சொல் தன் முதல் பொருளை எவ்வளவு தூரம் மறக்கும் என்பதற்குக் கிரிக்கெட்டைவிட நல்ல சாட்சி வேண்டாம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் மட்டையாளர் அசையவே வேண்டாம், நாலு ‘ரன்’. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இதை ‘ஓட்டங்கள்’ என்று எழுதும், தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘ரன்’. எப்படி எழுதினாலும் அந்த நாலில் ஓட்டம் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில் கோலில் வெட்டுப் போட்டுக் கணக்கு வைத்ததால் அதை ‘வெட்டு’ என்றே சொன்ன காலம் உண்டு. கோல் போனது, ஓட்டமும் போனது, எண் மட்டும் நின்றது.

வங்கி விஷயத்தில் இது இன்னும் விசித்திரம். வங்கி திவாலாகப் போகிறது என்ற பயத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் பணம் எடுக்க வருவதை ‘பேங்க் ரன்’ என்பார்கள். 2007இல் இங்கிலாந்தின் நார்தர்ன் ராக் வங்கி வாசல்களில் நடந்தது அதுதான். அங்கே ஒருவரும் ஓடவில்லை, மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். அப்போது நிற்கக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து கைப்பேசியில் தட்டினார்கள். அதற்கும் பெயர் ‘ரன்’தான்.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இதில் ஓர் ஒழுங்கு தெரியும். ஓட்டத்தில் பல கூறுகள் உண்டு: வேகம், இடைவிடாமை, ஒரு திசை, கட்டுப்படுத்த முடியாமை. ஒவ்வொரு புதுப் பொருளும் அதில் ஒரு கூறை மட்டும் உருவிக்கொண்டு போகிறது. நாடகம் நூறு நாள் ‘ரன்’ பண்ணியது என்றால் இடைவிடாமை. வம்சத்தில் சர்க்கரை நோய் ‘ரன்’ பண்ணுகிறது என்றாலும் அதுதான். நாம் ‘பரம்பரையாக வருகிறது’ என்போம். வங்கி ‘ரன்’னில் கட்டுப்படுத்த முடியாத பாய்ச்சல். ஊருக்கு வெளியே சாலை ‘ரன்’ பண்ணுகிறது என்றால் திசை மட்டும். நகர்வது சாலை இல்லை, அதன்மேல் போகும் நம் கண். தமிழிலும் ‘இந்த ரோடு எங்கே போகுது?’ என்று கேட்கிறோம். ரோடு எங்கேயும் போகாது, இங்கேயேதான் கிடக்கும் என்று பதில் சொல்லும் குறும்புக்காரர் ஊருக்கு ஒருவராவது இருப்பார்.

அதே உருவலில் சில சொற்கள் தமக்கே எதிரியாகிவிடுவதும் உண்டு. ‘ஃபாஸ்ட்’ என்பதன் பழைய பொருள் உறுதியாக, அசையாமல். ஆழ்ந்து தூங்குபவரை ‘ஃபாஸ்ட்’ ஆகத் தூங்குகிறார் என்பது அதனால்தான். விரதத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் நோன்பில் உறுதியாக நிற்பதால். உறுதியாகச் செய்வது முழு மூச்சோடு செய்வதாகி, முழு மூச்சோடு ஓடுவது வேகமாக ஓடுவதாகி, இன்று அசையாததற்கும் பறப்பதற்கும் ஒரே சொல். ‘கோ ஆஃப்’ இன்னும் மோசம். விளக்கு ‘கோ ஆஃப்’ ஆனால் அணைந்தது, அலாரம் ‘கோ ஆஃப்’ ஆனால் அலறியது.

சிறு சொல் பெருத்த கதை

ஏன் இந்தக் குட்டிச் சொற்களுக்கு மட்டும் இத்தனை பொருள்? ஹார்வர்டில் இருந்த ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் 1945இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். ஒரு சொல்லின் பொருள்களின் எண்ணிக்கை, அது எத்தனை முறை புழங்குகிறது என்பதன் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும். ஒரு சொல் இன்னொன்றைவிட நூறு மடங்கு அதிகம் புழங்கினால், அதற்குப் பொருள் ஏறத்தாழ பத்து மடங்கு இருக்கும். இது பொதுப்போக்குதான், தனிச்சொல் ஒவ்வொன்றும் இதற்குக் கட்டுப்படும் என்பதில்லை. பேசுகிறவருக்குச் சொற்கள் குறைவாக இருந்தால் சௌகரியம், கேட்கிறவருக்குப் பொருளுக்கொரு சொல் இருந்தால் சௌகரியம். இந்த இழுபறியில் அன்றாடச் சொற்கள் பேசுகிறவர் பக்கம் சாய்ந்துவிட்டன.

ஆங்கிலத்துக்கென்று தனிக் கதையும் உண்டு. ‘டேக்’, ‘கெட்’ இரண்டும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய வைக்கிங்குகளோடு வந்த சொற்கள். ‘எடு’ என்பதற்குப் பழைய ஆங்கிலம் வைத்திருந்த ‘நிமன்’ என்ற சொல்லை ‘டேக்’ துரத்திவிட்டது. மரத்துப்போவதைக் குறிக்கும் ‘நம்ப்’ என்ற சொல்லில் மட்டும் அந்தப் பழையவரின் எலும்பு கிடக்கிறது. உணர்வு எடுக்கப்பட்டது என்று பொருள். 1066இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும், அதன் பின்னே லத்தீனும் வந்து கச்சேரி, கோர்ட்டு, கல்வி எல்லாவற்றுக்கும் கனத்த சொற்களைக் கொடுத்தன. வீட்டில் பேசியவர்கள் தங்கள் சின்னச் சொற்களைவிட்டு நகரவில்லை. படித்தவர் நெருப்பை ‘எக்ஸ்டிங்குவிஷ்’ பண்ணினார், சமையலறையில் அதை ‘புட் அவுட்’ பண்ணினார்கள். படித்தவர் ‘டாலரேட்’ பண்ணியதை மாமியார் வீட்டில் ‘புட் அப் வித்’ பண்ணினார்கள்.

பள்ளியில் நம்மை அழவைத்த கூட்டுவினைகள் இவைதாம். ‘புட்’ தெரியும், ‘அப்’ தெரியும், ‘வித்’ தெரியும், மூன்றும் சேர்ந்தால் ‘பொறுத்துக்கொள்’ என்று எப்படி ஆனது? நாமும் அதைத்தான் செய்கிறோம். ‘பொறுத்துக்கொள்’ என்பதில் வரும் ‘கொள்’ எதைக் கொள்கிறது? ‘சொல்லிவிட்டேன்’ என்பதில் எதை விட்டோம்? ‘பார்த்துத் தொலை’ என்றால் எதைத் தொலைக்க? ஆங்கிலம் வினைக்குப் பின்னே ஒரு சின்ன அசையை ஒட்டுகிறது, தமிழ் இன்னொரு வினையை ஒட்டுகிறது. ஒட்டப்பட்டது தன் பொருளை உதறிவிட்டுச் சாயல் மட்டும் தருகிறது.

அடி

‘ரன்’னுக்குச் சரியான தமிழ் ஜோடி ‘ஓடு’ என்று அகராதி சொல்லும். சுமையை வைத்துப் பார்த்தால் ஜோடி ‘அடி’ என்பேன். ஆணி அடிக்கலாம், மணி அடிக்கலாம், வெள்ளை அடிக்கலாம், பயிருக்கு மருந்து அடிக்கலாம், மொட்டை அடிக்கலாம், நீச்சல் அடிக்கலாம், குட்டிக்கரணம் அடிக்கலாம். வெயில் அடிக்கும், காற்று அடிக்கும், காய்ச்சல் அடிக்கும், நாற்றம் அடிக்கும். கொள்ளை அடிப்பது குற்றம், அரட்டை அடிப்பது பொழுதுபோக்கு, ஜால்ரா அடிப்பது பிழைப்பு. காப்பி அடித்தால் பரீட்சையில் பிடிப்பார்கள், கட் அடித்தால் வகுப்பில் தேடுவார்கள், தண்ணி அடித்தால் வீட்டில் கேட்பார்கள். போர் அடிக்கும். செஞ்சுரியும் அடிக்கலாம், அப்போது ‘ரன்’னும் ‘அடி’யும் ஒரே மைதானத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

இதில் ஒன்றிலாவது ‘அடி’ தனியாகப் பொருள் தருகிறதா என்று பாருங்கள். ஆணியைத் தவிர்த்தால் அநேகமாகப் பக்கத்துச் சொல்தான் வேலையெல்லாம் செய்கிறது. ‘வெள்ளை’ வந்தால் தூரிகை, ‘தண்ணி’ வந்தால் பாட்டில். அந்தப் பக்கத்துச் சொல்லை எடுத்துவிட்டு, ‘அடி’க்கு எத்தனை பொருள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மொழியறிஞர் ஆடம் கில்காரிஃப் 1997இல் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பே ‘சொற்பொருள்களில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்பதுதான். எழுதியவர் அகராதித் துறையிலேயே புழங்கியவர். சொல்லுக்குள் எண்ணிட்ட பொருள்கள் அடுக்கப்பட்டிருக்கவில்லை. நடந்த பேச்சுகளை வேலைக்கேற்பக் கொத்துக் கொத்தாகக் கட்டுகிறோம், அந்தக் கட்டுக்குத்தான் பொருள் என்று பெயர் வைக்கிறோம் என்பது அவர் வாதம். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

ஒரு சொல்லை அதன் சேர்க்கையை வைத்து அறியலாம் என்று ஆங்கில மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் எழுதினார். இன்று கணினிக்கு மொழி கற்பிப்பவர்கள் அடிக்கடி எடுத்துப்போடும் வாக்கியம் அது. அதைப் படிக்கும்போது தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் தொல்காப்பியம் கிளவியாக்கம் நினைவுக்கு வரும். வினையால் வேறுபடும் பல பொருள் ஒரு சொல், “வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்” தெளிவாகும் என்கிறது நூற்பா. உரைகாரர்கள் ‘மா’ என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். ‘மா பூத்தது’ என்றால் வினை காட்டிக்கொடுக்கிறது, மரம். ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் பக்கத்தில் நிற்கும் இனம் காட்டிக்கொடுக்கிறது. கவசம் பூண்டு நிற்கும் வீரன் ‘மா கொண்டு வா’ என்றால் குதிரை. மாங்காய் கேட்க மாட்டான். வினை, இனம், சார்பு என்ற இந்த மூன்றில் கடைசிதான் கடினம், ஏனென்றால் அது வாக்கியத்துக்கு வெளியே இருக்கிறது.

கணினிகள் நெடுங்காலம் இடறியதும் அந்த மூன்றாவதில்தான். 1960இல் யெஹோஷுவா பார்-ஹில்லெல் ஒரு சின்ன வாக்கியத்தைக் காட்டி, இயந்திர மொழிபெயர்ப்பு முழுமையாகக் கைகூடாது என்று வாதிட்டார்: ‘பெட்டி பென்னுக்குள் இருந்தது.’ ‘பென்’ என்றால் பேனா; குழந்தையை விளையாட விடும் அடைப்புக்கும் ‘பென்’. பேனாவுக்குள் பெட்டி அடங்காது என்ற உலக அறிவு இல்லாமல் இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று கேட்டார். பேனாவின் அளவை இலக்கணம் சொல்லித்தராது. இன்றைய கணினிகள் கோடிக்கணக்கான வாக்கியங்களில் சேர்க்கையைப் பார்த்துப் பார்த்து இந்தப் பெட்டியை ஒருவழியாகச் சரியான அடைப்பில் வைத்துவிடுகின்றன. என் அதிபர் வேட்பாளரைத்தான் ஓடவிட்டன.

பொருள் எண்ணிக்கைச் சண்டை நம்மிடமும் உண்டு. ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் ‘ஆயீரைந்தும்’ என்று பத்துப் பொருளை எண்ணிச் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில் ஐயமும் கரிப்பும் உண்டு என்று இரண்டைச் சேர்க்கிறது. நன்னூலுக்கு வந்தால் பதின்மூன்று. அவற்றில் மணமும் திருமணமும் புதிதாக ஏறியிருக்கின்றன, ஐயம் இறங்கிவிட்டது. கொசுக்கடியும், சகிக்க முடியாத ஜோக்குக்குச் சொல்லும் ‘கடி’யும் இரண்டு பட்டியலிலும் கிடையாது.

கடைசியாக, நம் வீட்டுக்குள் வந்துவிட்ட ‘செட்’. ஆங்கிலத்தின் அந்த 430இல் பெரும்பாலானவற்றைத் தமிழ் வாசலிலேயே நிறுத்திவிட்டது. சூரியன் நம்மிடம் ‘செட்’ ஆவதில்லை, சாய்கிறது, மறைகிறது. சிமென்ட் ‘செட்’ ஆகும், அதுவும் கொத்தனார் வாயில். உள்ளே விட்டவை சில: பம்ப் செட், மைக் செட், சினிமா செட், அலாரம் செட் பண்ணுவது. உள்ளே வந்தபின் அது தானாகவே பெருத்தது. இரண்டு மூன்று தோசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் செட் தோசை. கூடப் படித்தவன் ‘நம்ம செட்’. மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துவிட்டு வந்த பெண், காரணம் ஒன்றும் சொல்லாமல், ‘எனக்குச் செட் ஆகாதும்மா’ என்றால் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் போட உட்கார்ந்தால், ‘செட்’ என்ற சொல்லை மட்டும் அதில் வைக்க முடியாது.